இரும்புக்கு நல்ல தண்ணீர்

மீன் ஆய்ந்து முடித்த ஞானபாக்கியம் அரிவாள்மனையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், உப்புத் தண்ணீர் ஊற்றிக் கவுச்சி போகத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அடுக்களைக்குள் போய் நல்ல தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் கொண்டுவந்து அலகின் இரண்டு பக்கமும் வழியவிட்டாள். பழந்துணியால் துடைத்தாள். விரல் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தடவிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

பக்கத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த அவள் மகன் எஸ்றாவின் கை அப்படியே நின்றுவிட்டது. விவரம் தெரிந்த நாள் முதல் தினமும் பார்க்கிற காரியம்தான். அன்றைக்குத்தான் அது அவன் கண்ணில் பட்டது.

நல்ல தண்ணீர் எதற்கு என்று கேட்டான்.

"உப்புத் தண்ணியோட வுட்டா பொழுது அடையுமுன்ன துரு பூத்துப்போவும்லா. நேத்துப் பெறந்தவன் மாரி கேக்க" என்றாள் அவள்.

எஸ்றா வாயைக் கொப்பளிக்க மறந்து புறவாசல் கொட்டகையைப் பார்த்தான். ஓலைக் கூரைக்குக் கீழே அத்தானின் கார், பாலேட்டு நிறத்தில் பளபளவென்று நின்றது. அதன் வயிற்றுக்குள் அவன் ஊற்றியது எந்தத் தண்ணீர் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் உள்ளே ஓடிப்போய்த் தகரப் பெட்டியைத் திறந்து குறிப்பு நோட்டை எடுத்தான். அவன் கையெழுத்திலேயே இருந்தது: 'ஆசிட் பூசி அரை மணி நேரம். பிறகு கழுவினது. கிணற்றுத் தண்ணீர், ஒன்பது வாளி. நன்றாகக் காய்ந்தது.'

'நன்றாக' என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தான்.

எஸ்றா ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. பகலெல்லாம் சரக்குச் சீட்டுகளில் பெயர் எழுதுவான். ஐந்தரைக்கு மேல் சைக்கிளை மிதித்து வெல்டிங் மாலை வகுப்புக்குப் போவான். இரும்பு வேலையில் ஒரு நிச்சயம் உண்டு, ஒட்டினால் ஒட்டியது, இல்லாவிட்டால் இல்லை என்று நினைத்துத்தான் அதில் சேர்ந்தான். சேர்ந்த பிறகு அதுவும் அப்படியில்லை என்று தெரிந்துகொண்டான். மேலே பார்த்தால் மீன் செதில் அடுக்கினாற்போல அழகாக இருக்கும் வெல்டிங், வைஸில் பிடித்து ஒரு தட்டுத் தட்டினால் பிட்டுக்கொண்டு போகும். அதனால் ஒவ்வொரு நாளும் செய்ததை, செய்த வரிசையில் எழுதி வைக்கிற பழக்கம் வந்தது. எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று யோசிக்கிற பழக்கம் அதற்கு முன்பே இருந்தது.

கார் அவன் அக்காள் தேவமணியின் புருஷன் செல்வதுரையுடையது. பழைய லேண்ட்மாஸ்டர். அதை வைத்திருந்த உப்பள முதலாளி இருபது வருஷமாகத் தினமும் அளத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தியவர். இஞ்சின் கல்லுப்போல இருந்தது, உடம்புதான் போய்விட்டது. கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை இரண்டு பக்கமும் தகரத்தால் ஆன நீளப் பெட்டி ஒன்று ஓடும். தளம் அதில்தான் நிற்கிறது; சீட்டுகள் தளத்தில் நிற்கின்றன. அந்தப் பெட்டி இரண்டு பக்கமும் அப்பளமாக உதிர்ந்திருந்தது. செல்வதுரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். காரை நம்பி அந்த வேலையை விட்டுவிட்டான். குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் கொடியேறும் நாளிலிருந்து வாடகைக்கு ஓட்டுவதாகப் பஜாரில் நாலு பேரிடம் வாக்கும் கொடுத்திருந்தான். வெளியே கொடுத்தால் தகடு ஒட்டுகிற டிங்கர் வேலைக்கே காரை விற்க வேண்டிவரும் என்பதால், வெல்டிங் படிக்கிற மச்சினன் இருக்கிறானே என்று கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்தினான்.

எஸ்றாவுடன் படிக்கிற வீரபாகு பகலில் ஒரு டிங்கர் பட்டறையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்காரரிடம் கேட்டு கேஸ் வெல்டிங் செட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவருவான். ஆராதனை முடிந்து மதியச் சாப்பாடு ஆகும்வரை ஓய்வுநாளில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது என்பது ஞானபாக்கியத்தின் சட்டம். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை வேலை நடக்கும். துருப்பிடித்ததை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார்கள். ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். இந்த முனையில் ஒரு பொட்டு, அந்த முனையில் ஒரு பொட்டு, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, ஈரத்துணியால் சூடு தணித்து, பிறகுதான் இடைவெளிகளை நிரப்பினார்கள். ஐந்து ஞாயிறுகள். முடிந்தபின் பெட்டிக்குள் துரு எடுக்கும் ஆசிட்டை விட்டு, கழுவிக் காயவைத்து, நீளக் காம்பில் கட்டிய பிரஷால் உள்ளே துரு தடுக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்ட் பூசி, கீழே தண்ணீர் வடியும் துளைகளுக்கு ரப்பர் அடைப்பு வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் வெளியே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தது.

வகுப்புக் குறிப்பில் 'தண்ணீரால் நன்கு கழுவவும்' என்று மட்டும்தான் இருந்தது. அதை எழுதியவர் ஊரில் ஒரே தண்ணீர் போலிருக்கிறது. இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு உண்டு. கிணற்றில் எந்நேரமும் கிடைப்பது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் விளக்க. தெருக்குழாயில் ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் ஒரு மணி நேரம் வருவது நல்ல தண்ணீர். குடிக்க, சோறு பொங்க. நல்ல தண்ணீரில் கால் கழுவுகிற பிள்ளைக்கு முதுகில் அடி விழும். அப்படி வளர்ந்தவனுக்குக் கழுவ வேண்டும் என்றால் கால் தானாகக் கிணற்றடிக்குத்தான் போகும். எஸ்றாவின் கால் போனது. வீரபாகுவின் காலும் போனது. இருவருக்கும் அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் வகுப்பில் எஸ்றா வீரபாகுவிடம் விஷயத்தைச் சொன்னான். வீரபாகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தான்.

"ஏலே கிளார்க்கு, நீ தாலி கட்டும்போதும் முடிச்சு மூணா நாலான்னு நோட்டுல பாத்துட்டுத்தான் கட்டுவ. எங்க பட்டறையில எந்தத் தண்ணியில கழுவுதோம்னு நெனைக்க?"

உப்புத் தண்ணீரில்தானே என்றான் எஸ்றா.

"பொறவு என்ன?"

அங்கே செய்த வண்டிகள் எத்தனை நாளில் திரும்பி வருகின்றன என்று எஸ்றா கேட்டதும் வீரபாகு சிரிப்பதை நிறுத்தினான். வருஷத்துக்கு ஒருதரம் வரத்தான் செய்கின்றன. கடற்காற்று என்று சொல்லுவோம் என்றான். கொஞ்சம் பொறுத்து, கடற்காற்று மூடின பெட்டிக்குள்ளே எப்படிப் போகும் என்று தானே கேட்டுக்கொண்டான். ஆனாலும் எஸ்றாவை நம்ப அவனுக்கு மனமில்லை. எஸ்றாவின் சந்தேகங்கள் ஊரறிந்தவை. ஆபீஸ் பூட்டைப் பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பிப் போகிறவன் அவன். சொன்னால் வீட்டிலும் சிரிக்கத்தான் செய்வார்கள். அவனுக்கே கூட, இது பூட்டுச் சந்தேகமா நிஜச் சந்தேகமா என்று தெரியவில்லை. இரண்டும் நெஞ்சில் ஒரே இடத்தில்தான் அரித்தன.

அதனால் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். வகுப்பிலிருந்து இரண்டு துண்டுத் தகடு கொண்டுவந்தான். இரண்டிலும் அங்கேயே ஒரே மாதிரி பற்றவைத்திருந்தான்; வீட்டில் ஒரே அளவு ஆசிட் பூசினான். ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரிலும் மற்றதைத் தன் பங்கு குடிதண்ணீரிலும் கழுவினான். காயவைத்து ரெட் ஆக்சைடு பூசி, மொட்டைமாடியில் ஈரச் சாக்குக்குக் கீழே வைத்தான். கொடியேற்றத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அந்த நாட்கள் அவனை ஓர் இடத்தில் இருக்கவிடவில்லை. ஆபீஸுக்குப் போகுமுன் ஒருதரம் மாடியேறுவான், வந்தபின் ஒருதரம் ஏறுவான். ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. எட்டாம் நாளும் ஒன்றுமில்லை. அதை எழுதும்போது ஆறுதலாகவும் இருந்தது, ஏதோ தோற்றுப்போனது போலவும் இருந்தது. இதற்குள் வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் காரைப் பார்த்து, தட்டிப் பார்த்து, வாடகைக்கு ஓட்டலாம் என்று சீட்டுக் கொடுத்துவிட்டார். செல்வதுரை ஸ்டீயரிங்குக்குப் புது உறை மாட்டினான். தேவமணி சீட்டுகளுக்குப் பூப்போட்ட துணி தைத்தாள். ஒவ்வொருவரும் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். தட்டு விழும்போதெல்லாம் அவனுக்கு மாடிப்படி ஞாபகம் வந்தது.

பதினான்காம் நாள் சனிக்கிழமை. சாக்கைத் தூக்கினான். நல்ல தண்ணீர்த் தகடு வைத்தது வைத்தபடி இருந்தது. உப்புத் தண்ணீர்த் தகட்டில், பற்றவைத்த கோட்டை ஒட்டி, வேர்க்குரு போலச் சின்னச் சின்னதாக பெயிண்ட் எழும்பியிருந்தது. நகத்தால் ஒன்றைக் கிள்ளினான். உள்ளே ஒரு துளி ஈரம். அதற்குக் கீழே இரும்பு கறுத்திருந்தது.

இரண்டு தகடுகளையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். செல்வதுரை டிக்கியில் கயிறு அடுக்கிக்கொண்டிருந்தான். எஸ்றா ஒன்றுவிடாமல் சொன்னான். வரிசை தப்பாமல் சொன்னான், அதனால் முக்கியமானது கடைசியில்தான் வந்தது. செல்வதுரை தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது மொட்டைமாடியில கெடந்தது. வண்டி கொட்டாய்க்குள்ள நிக்கி."

பெட்டிக்குள்ளே ஈரம் அதிகம்தான் அத்தான், அடைத்து வைத்தது நாம்தானே என்றான் எஸ்றா. கீழே ஒரு ரப்பர் அடைப்பைக் கழற்றிக் கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு எடுத்தான். துணி செம்பழுப்பாக வந்தது. செல்வதுரை முகம் தெளிந்தது.

"அது நீ அடிச்ச பெயிண்டோட நெறம்லா."

எஸ்றாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. துருவும் ரெட் ஆக்சைடும் துணியில் ஒரே நிறம். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதைச் சொன்னதும் செல்வதுரை டிக்கியை அறைந்து மூடினான். சத்தம் கேட்டு ஞானபாக்கியம் புறவாசலுக்கு வந்தாள். தசரா பத்து நாள் ஓட்டிவிட்டு வருகிறேன், அதற்குப் பிறகு நீ என்ன வேண்டுமானாலும் அறுத்துக்கொள் என்றான் செல்வதுரை. பேசிப்பேசிக் குரல் ஏறியது; பஜாரில் சொன்ன வாக்கு, விட்டுவிட்ட லாரி, தேவமணியின் முகம் எல்லாம் வந்தன. கடைசியில் எஸ்றாவின் முன்னால் வந்து நின்றான்.

"எத்தன நாள் தாங்கும்? ஒத்தச் சொல்லுல சொல்லு."

"தெரியாது அத்தான்."

"தெரியாத காரியத்துக்கா வண்டிய அறுக்கச் சொல்லுத?"

"தெரிஞ்சா ஓட்டுங்கன்னு சொல்லியிருப்பேன். தெரியாததுனாலதான் சொல்லுதேன். அஞ்சு பேரு ஏறி உக்காருவாவ."

செல்வதுரை மாமியார் பக்கம் திரும்பினான். இவன் வீட்டுக் கதவையே மூன்றுதரம் இழுத்துப் பார்க்கிறவன் அத்தை, இவன் பேச்சைக் கேட்டு என் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளவா என்று கேட்டான். ஞானபாக்கியம் உப்புத் தண்ணீர்த் தகட்டை வாங்கிக் கட்டைவிரலால் அந்தக் கொப்புளங்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

எஸ்றா உளியையும் சுத்தியலையும் எடுத்தான். உள்ளே சுத்தமாக இருந்துவிட்டால், அத்தானின் காரை அத்தான் கண்ணெதிரே ஒன்றுமில்லாமல் உடைத்தவனாவான். அதற்குப் பிறகு அவன் எதைச் சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஓட்டுநர் கதவுக்குக் கீழே, பளபளத்த பெயிண்டின் மேல் உளியை வைத்தான். வைத்துக்கொண்டே இருந்தான். செல்வதுரை அவன் தோளைப் பிடித்து இழுக்க வந்தான். தொடுவதற்கு முன் முதல் அடி விழுந்துவிட்டது.

உள்ளங்கை அகலத்துக்குத் தகட்டை வெட்டி மடக்கினான். மேல் விளிம்பு சுத்தமாகத்தான் இருந்தது. பெயிண்ட் வழவழப்பாக மின்னியது. எஸ்றா தலையைத் தரையோடு சாய்த்து, வெளிச்சம் விழும்படி தகட்டை இன்னும் கொஞ்சம் வளைத்தான். கீழ் விளிம்பில், கழுவின தண்ணீர் கடைசியாகத் தங்கிய இடத்தில், பற்றவைத்த கோடு நெடுகிலும் அதே வேர்க்குரு. ஒதுங்கிக்கொண்டான். செல்வதுரை முழங்காலிட்டுக் கையை உள்ளே விட்டான். விரலில் பெயிண்ட் செதிலாக உரிந்து வந்தது. அதன் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது.

எழுந்திருக்காமலே, மறுபக்கமும் இப்படித்தானா என்று கேட்டான். அதே நாள், அதே வாளி என்றான் எஸ்றா. செல்வதுரை சட்டையை மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போனான். வாக்குக் கொடுத்த நாலு பேரிடமும் முதல் ஐந்து நாளைக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் மதியத்துக்கு மேல் இரண்டு பெட்டிகளையும் அடிப்பக்கமாக நீளத்துக்குத் திறந்தார்கள். வீரபாகு வந்தான், பார்த்தான், தலையைச் சொறிந்தான். எங்கள் பட்டறையில் எத்தனை வண்டிக்கு இதைச் செய்திருக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னான். அதற்குமேல் அவன் கேலி பேசவில்லை, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு படுத்து உள்ளே தேய்க்க ஆரம்பித்தான். எஸ்றா புதன்வரை ஆபீஸுக்கு லீவு போட்டு, திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தேய்த்தான். இனி ஆசிட் பூசிக் கழுவ வேண்டும். கழுவுவதற்குக் குறைந்தது பத்துக் குடம் நல்ல தண்ணீர் வேண்டும்.

புரட்டாசி மாதம், மழை இன்னும் தலைகாட்டவில்லை. குழாயில் வீட்டுக்கு நாலு குடம்தான் என்று தெருவே பேசி வைத்திருந்தது. எஸ்றா சுற்றி வளைத்து அம்மாவிடம் கேட்டான். இரும்புக்கு ஊற்றவா நான் கோழி கூவ எழுந்து வரிசையில் நிற்கிறேன் என்றாள் அவள். சாயங்காலம்வரை அடுக்களையில் பாத்திரங்கள் ஓசைப்பட்டுக்கொண்டே இருந்தன. பொழுது சாயும் நேரத்தில் அவள் அண்டை வீடுகளுக்குப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடம் கடன் கேட்டாள். அடுத்தடுத்த முறைகளில் தன் பங்கிலிருந்து திருப்பித் தருவதாகச் சொன்னாள். காரியம் என்னவென்று கேட்டவர்களிடம் மருமகன் கார் குளிக்கப்போகிறது என்றாள். தெருவெல்லாம் சிரித்தது. எதிர்வீட்டு செண்பகம், மஞ்சளும் அரைத்துத் தரவா என்று கேட்டனுப்பினாள்.

புதன்கிழமை, கொடியேற்ற நாள். குலசேகரன்பட்டினத்துக்குப் போகிற பஸ்கள் ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போயின. அந்தக் காலையில் செல்வதுரை குழாயடியில், பெண்களுக்கு நடுவே, தோளில் துண்டும் கையில் இரண்டு குடமுமாக நின்றான். யாரோ ஏதோ சொன்னார்கள். அவன் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தான்.

காரை ஒரு பக்கமாக முட்டுக்கொடுத்துச் சாய்த்திருந்தார்கள். ஆசிட் பூசி அரை மணி நேரம் ஆனதும் எஸ்றா பழைய பிரஷால் தேய்த்துக்கொண்டே இருக்க, செல்வதுரை செம்பு செம்பாக ஊற்றினான். ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்பதால் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார்கள். மூன்று குடம் ஆயிற்று. வழிகிற தண்ணீர் தெளிவாகத்தான் தெரிந்தது. உப்பு போயிற்றா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எஸ்றா நோட்டைப் புரட்டினான். அதில் எங்கும் இல்லை. இன்னும் எத்தனை குடம் என்று செல்வதுரை கேட்டான். எஸ்றா மீதிக் குடங்களை எண்ணினான். பத்தும் போதாவிட்டால்?

ஞானபாக்கியம் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து காரின் பக்கத்தில் குந்தினாள். பெட்டியின் மூலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் விரலை வைத்து நாக்கு நுனியில் தொட்டாள். முகம் சுளித்துத் துப்பினாள்.

"கரிக்கி. ஊத்து."

நாலாவது குடத்துக்கும் கரித்தது. ஐந்தாவதுக்கு ஆசிட்டின் புளிப்பு போய்விட்டது, உப்பு இருக்கிறது என்றாள். ஆறாவது குடத்தில் பாதி போனதும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். மூன்று இடத்தில் தொட்டுப் பார்த்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஆயிற்று, மீதி நாலு குடத்தோடு அந்தப் பக்கம் போங்கள் என்றாள்.

நாலு போதாதே என்று எஸ்றா இழுத்தான். நன்றாகப் பார்த்தாயா அம்மா என்றும் கேட்டுவிட்டான்.

"ஏலே, முப்பது வருஷமா ஒங்க ஐயாவுக்கும் ஒனக்கும் தண்ணி பாத்து ஊத்தினவ நான். ஒனக்கு எம்மேல சந்தேகமா, என் நாக்கு மேல சந்தேகமா?"

செல்வதுரை அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான். அடுத்த பக்கத்துக்கு ஐந்து குடம் பிடித்தது. ஐந்தாவது, சோற்றுக்கு வைத்திருந்த குடம். அதை ஞானபாக்கியமே தூக்கிவந்து வைத்தாள். மத்தியானத்துக்குச் சோறு இல்லை, அவல்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எஸ்றாவும் கடைசிச் சொட்டில் விரல் வைத்து நாக்கில் தொட்டான். இரும்பு ருசிதான் தெரிந்தது. கரிக்கிறதா? இன்னொருதரம் தொட்டுப் பார்க்கக் கை போனது. தண்ணீர் இரும்பில் நிற்க நிற்கத் துரு பூக்கும், யோசிக்க நேரமில்லை. திறந்த பெட்டிகளைத் திரும்ப மூடிப் பற்றவைக்க ஞாயிற்றுக்கிழமை கேஸ் செட் வருமுன் உள்ளே இரண்டு பூச்சு காய்ந்திருக்க வேண்டும். அவன் எழுந்து, ஈரத்தைச் சூட்டில் உலர்த்த ப்ளோ லாம்புக்குக் காற்றடித்துப் பற்றவைத்தான். சுவாலை நீலமாக நிலைத்ததும், பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்த செல்வதுரையை விலகச் சொன்னான். செல்வதுரை ஏன் என்று கேட்காமல் விலகினான்.